ஊர் உறங்கியபோது நடந்தவர்

லண்டன் மாநகரம். 1824-ம் ஆண்டு. ஒரு நாள் மாலை. தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் பாலத்துக்கு அருகே இரண்டு சிறுவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவன் கொஞ்சம் பெரியவன். பெயர் பாப் ஃபேகின். மற்றவன் சிறியவன். வயது பன்னிரண்டு. அன்று பகலில் வேலை செய்யும் இடத்தில் சின்னவனுக்கு விலாவில் கடுமையான வலி. பாப் அவனை வைக்கோலின் மேல் படுக்க வைத்தான். காலி ஜாடிகளில் வெந்நீர் நிரப்பி ஒத்தடம் கொடுத்தான். மாலையில், உடல் நலமில்லாத சிறுவனைத் தனியே அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. வீடு வரை கூடவே வருகிறேன் என்று புறப்பட்டுவிட்டான்.

சின்னவன் தவித்தான். வேண்டாம் என்று பல முறை சொல்லிப் பார்த்தான். பாப் கேட்கவில்லை. என்ன செய்வது? அவனுக்குத்தான் வீடே இல்லையே! அவனுடைய தாய், தந்தை, தம்பி, தங்கை எல்லோரும் இருந்த இடம் சிறைச்சாலை. அதை எப்படிச் சொல்வது?

பாலத்தைத் தாண்டியதும் யாருடையதோ ஒரு வீட்டின் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டான். இதுதான் என் வீடு என்றான். நன்றி கூறிக் கைகுலுக்கி பாப்பை அனுப்பி வைத்தான். பாப் திரும்பிப் பார்த்துவிட்டால்? அதற்காகக் கதவையும் தட்டினான். ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். ராபர்ட் ஃபேகின் வீடு இதுதானா என்று நண்பனுடைய பெயரையே சொல்லிக் கேட்டான். இல்லை என்றாள். சிறுவன் படியிறங்கினான். சந்து சந்தாக நடந்து இருளில் மறைந்தான்.

யார் அந்தச் சிறுவன்? அவன்தான் பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்!

அவருடைய நாவல்களைப் பலர் படித்திருப்பார்கள். படமாகப் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் லண்டனின் ஒவ்வொரு சந்தும் பொந்தும் அவருக்கு எப்படித் தெரிந்தது? கால் வலிக்க நடந்துதான்! ஆயுள் முழுவதும் அவர் நடந்துகொண்டே இருந்தார். இத்தனை தெருக்களில் நடந்தவர், ஒரு சில தெருக்களில் மட்டும் கால் வைக்க அஞ்சினார். அது ஏன்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கடன் செய்த கொடுமை

டிக்கன்ஸ் 1812-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். தந்தை ஜான் டிக்கன்ஸ், கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. தாயார் பெயர் எலிசபெத்.

தந்தை நல்லவர். பிள்ளைகளிடம் பாசம் உள்ளவர். ஆனால் வரவு எட்டணா என்றால் செலவு பத்தணா! கையில் காசு நிற்காது. கடன் வாங்குவார். அதை அடைக்க இன்னொரு கடன் வாங்குவார்.

சார்லஸின் இளமைப் பருவம் சாதம் என்ற துறைமுக ஊரில் இன்பமாகக் கழிந்தது. தந்தையும் மகனும் மாலை நேரங்களில் வெகு தூரம் நடந்து போவார்கள். வழியில் ஒரு குன்றின் மேல் அழகான வீடு ஒன்று உண்டு. அதன் பெயர் கேட்ஸ் ஹில் மாளிகை. நன்றாக உழைத்தால் ஒரு நாள் இந்த வீட்டில் நீயே குடியிருக்கலாம் என்று தந்தை சொல்வாராம். சிறுவன் அதை மறக்கவே இல்லை.

1822-ம் ஆண்டு குடும்பம் லண்டனுக்கு வந்தது. காம்டன் டவுன் என்ற பகுதியில், பேஹாம் தெருவில் சிறிய வீடு. கடன் கழுத்தை நெரித்தது. சார்லஸ் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. வீட்டிலிருந்த புத்தகங்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. அவற்றைச் சுமந்துகொண்டு கடைக்குப் போனவன் யார்? அவற்றை ஆசை ஆசையாகப் படித்த அதே சிறுவன்தான்!

1824-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இடி விழுந்தது. ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுன் கடனுக்காக ஜான் டிக்கன்ஸ் கைது செய்யப்பட்டார். மார்ஷல்சி என்ற கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடனைத் திருப்பித் தராவிட்டால் சிறைதான். சிறைக்குள் இருப்பவன் சம்பாதிப்பது எப்படி, கடனை அடைப்பது எப்படி என்று சட்டம் கேட்கவில்லை!

போக்கிடம் இல்லாமல் தாயாரும் சின்னக் குழந்தைகளும் சிறைக்குள்ளேயே போய்த் தந்தையுடன் தங்கினார்கள். அக்காள் ஃபானி சங்கீதப் பள்ளியில் தங்கிப் படித்தாள். சார்லஸ் மட்டும் தனியாக வெளியே விடப்பட்டான்.

பாலிஷ் ஜாடிகள்

தந்தை கைதாவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே சார்லஸுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ஸ்டிராண்ட் என்ற பெரிய சாலைக்கு அருகில், ஹங்கர்ஃபோர்டு படித்துறை என்ற இடத்தில், ஆற்றை ஒட்டி ஒரு பாழடைந்த கட்டிடம். உள்ளே பூட்ஸுக்குப் போடும் கறுப்புப் பாலிஷ் செய்தார்கள். மாடிப்படிகள் உளுத்துப் போயிருந்தன. எலிகள் மேலும் கீழும் ஓடின.

சார்லஸின் வேலை என்ன? பாலிஷ் ஜாடியின் வாயை எண்ணெய்க் காகிதத்தால் மூட வேண்டும். அதன் மேல் நீலக் காகிதம் வைக்க வேண்டும். நூலால் கட்டி, ஓரத்தை வெட்டிச் சீராக்க வேண்டும். பிறகு பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும். காலை முதல் மாலை வரை இதுவே வேலை. சம்பளம் வாரத்துக்கு ஆறு அல்லது ஏழு ஷில்லிங்.

அதில்தான் சாப்பாடு. சனிக்கிழமை கைக்கு வந்த காசை ஆறு பொட்டலமாகக் கட்டுவான். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு கிழமையின் பெயரை எழுதுவான். இல்லாவிட்டால் முதல் நாளிலேயே பசி எல்லாவற்றையும் தின்றுவிடும் அல்லவா?

காம்டன் டவுனில் ஒரு கிழவியின் வீட்டில் அவனுக்கு ஒண்டுக் குடித்தனம். அங்கிருந்து வேலைக்குப் போக மூன்று மைல். திரும்பி வர மூன்று மைல். வண்டிக்குக் காசு ஏது? நடந்தான். பன்னிரண்டு வயதில் தினமும் ஆறு மைல்!

பசிக்குத் தெரிந்த வழிகள்

இப்படித்தான் லண்டன் அவனுக்கு அறிமுகமாயிற்று. பெரிய சாலைகள் எல்லோருக்கும் தெரியும். ஏழைச் சிறுவனுக்குத் தெரிந்தவை வேறு.

புனித மார்ட்டின் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு புட்டிங் கடை. திராட்சை நிறையப் போட்ட புட்டிங். ருசி அதிகம், விலையும் அதிகம். ஸ்டிராண்டில் இன்னொரு கடை. அங்கே புட்டிங் கனமாக இருக்கும். திராட்சை எங்கேயோ ஒன்று தென்படும். ஆனால் அதே காசுக்கு வயிறு நிரம்பும். கையில் உள்ள காசைப் பொறுத்து எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வான்.

மார்ட்டின் சந்தில் ஒரு காப்பிக் கடையும் இருந்தது. அதன் கதவுக் கண்ணாடியில், தெருவில் போகிறவர்கள் படிப்பதற்காகக் காப்பிக் கடை என்று எழுதியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த சிறுவனுக்கு எழுத்துக்கள் தலைகீழ் வரிசையில், பொருள் இல்லாமல் தெரிந்தன. தன் வாழ்க்கையும் அப்படித்தான் புரியாமல் போய்விட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்குமோ! பெரியவரான பிறகும், எந்தக் காப்பிக் கடையிலாவது அப்படி எழுத்தைக் கண்டால் அவருக்குத் தூக்கிவாரிப் போடுமாம்.

அடெல்ஃபி என்ற கட்டிட வரிசைக்கு அடியில் ஆற்றை நோக்கி இருண்ட வளைவுகள் உண்டு. சாப்பாட்டு வேளையில் அங்கே தனியாகச் சுற்றுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் சந்தோஷம். காலையில் அக்காள் ஃபானியை அழைத்துக்கொண்டு சிறைக்குப் போவான். அன்று முழுவதும் பெற்றோருடன் இருப்பான். இரவு திரும்ப வேண்டும். ஒரு ஞாயிறு இரவு தந்தையிடம் தன் தனிமையைச் சொல்லி அழுதுவிட்டான். தந்தையின் உள்ளம் உருகியது. சிறைக்குப் பக்கத்திலேயே, லான்ட் தெருவில் ஒரு மாடி அறை பார்த்துக் கொடுத்தார்கள். ஓட்டுக்கூரை அறைதான். சிறுவனுக்கோ சொர்க்கம் கிடைத்தாற்போல் இருந்தது.

அதற்குப் பிறகு விடியற்காலையில் எழுந்து லண்டன் பாலத்துக்குப் போவான். சிறைக் கதவு திறக்கும்வரை பாலத்தில் உட்கார்ந்திருப்பான். அவர்கள் வீட்டில் வேலை செய்த அநாதைச் சிறுமி ஒருத்தியும் சில நாள் அங்கே வருவாள். அவளுக்கு ஆற்றையும் கோட்டையையும் காட்டி, இட்டுக்கட்டிய கதைகளைச் சொல்வான். டிக்கன்ஸின் கதைகளைக் கேட்ட முதல் வாசகி அவளாகத்தான் இருக்கவேண்டும்!

தாய் சொன்ன சொல்

சுமார் மூன்று மாதத்துக்குப் பிறகு, கடனாளிகளுக்கான சட்டப்படி தந்தை விடுதலையானார். ஆனால் சார்லஸ் பாலிஷ் வேலையிலேயே இருந்தான். தொழிற்சாலை வேறு தெருவுக்கு மாறியது. அங்கே சிறுவர்களை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவர்கள் விரைவாக நூல் கட்டுவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நாள் தந்தையே அதைப் பார்த்தார்.

பிறகு தந்தைக்கும் தொழிற்சாலையை நடத்திய உறவினருக்கும் சண்டை வந்தது. சார்லஸ் வேலையிலிருந்து நின்றான். இனி இவன் பள்ளிக்குப் போகட்டும் என்றார் தந்தை. தாயாரோ சமாதானம் பேசி, மகனைத் திரும்பவும் அந்த வேலைக்கு அனுப்பவே முயன்றார். வீட்டுக் கஷ்டம் அப்படி. தந்தை சொன்னதே நடந்தது. ஆனால் தாயார் தன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்ததை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. மறக்க முடியவும் இல்லை.

அதன் பிறகு வீட்டில் அந்த நாட்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாயும் பேசவில்லை, தந்தையும் பேசவில்லை. நடக்காத ஒன்றைப் போல மூடிவிட்டார்கள்.

பேனா பிடித்த கை

இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளி. பதினைந்தாவது வயதில், 1827-ல், வக்கீல் அலுவலகத்தில் எடுபிடிக் குமாஸ்தா வேலை. காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் நடக்கவேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. டிக்கன்ஸுக்கு அது பாடம். லண்டன் தனக்கு நன்றாகத் தெரியும் என்று எண்ணியிருந்த சக குமாஸ்தா ஒருவர், இந்தப் பையனுக்கு முன்னால் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதைக் கண்டு வியந்தார்.

டிக்கன்ஸ் சுருக்கெழுத்துக் கற்றார். கோர்ட்டில் நிருபரானார். பிறகு பார்லிமெண்டில் நிருபரானார். 1834-ல் மார்னிங் கிரானிக்கிள் பத்திரிகையில் சேர்ந்தார்.

இதற்கு முன், 1833-ல் ஒரு கதை எழுதினார். ஃப்ளீட் தெருவின் பக்கத்தில் ஓர் இருட்டுச் சந்து. அங்கே ஒரு பத்திரிகை அலுவலகத்தின் தபால் பெட்டியில், மாலை மங்கும் நேரத்தில், யாரும் பார்க்காதபடி அந்தக் கதையைப் போட்டுவிட்டு வந்தார். டிசம்பரில் கதை அச்சாகி வந்தது! பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். கண்ணில் நீர் பெருகியது. தெருவில் யாரும் தன்னைப் பார்க்கக்கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம் அங்கேயே உலாவினார்.

பிறகு போஸ் என்ற புனைபெயரில் லண்டன் வாழ்க்கைச் சித்திரங்கள் எழுதினார். பழந்துணிக் கடைகள், அடகுக் கடைகள், அதிகாலைத் தெருக்கள், சின்னக் குமாஸ்தாக்கள்! தினம் பார்த்தும் பார்க்காமல் விட்டவற்றை மக்கள் அச்சில் கண்டார்கள். 1836-ல் அவை புத்தகமாயின. அதே ஆண்டு காதரின் ஹோகார்த்தை மணந்தார். அதே ஆண்டு பிக்விக் கதை மாதம்தோறும் வெளிவரத் தொடங்கியது. இருபத்து நான்கு வயதில் நாடு முழுவதும் புகழ்!

இல்லாத தெருவா?

அடுத்து வந்தது ஆலிவர் ட்விஸ்ட். அநாதைச் சிறுவன் ஆலிவர் லண்டனுக்கு வருகிறான். ஒரு ஜேப்படிப் பையன் அவனை இரவில் சந்து சந்தாக அழைத்துப் போகிறான். ஏஞ்சல் சந்திப்பு, சாட்லர்ஸ் வெல்ஸ் நாடகக் கொட்டகை, எக்ஸ்மவுத் தெரு, சாஃப்ரன் ஹில் என்று வழியை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார் டிக்கன்ஸ். கற்பனை வழி அல்ல. கதையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியே நடந்துவிடலாம்! திருடர் தலைவனுக்கு அவர் வைத்த பெயர் ஃபேகின். வெந்நீர் ஒத்தடம் கொடுத்த நண்பனின் பெயர்! அந்தப் பெயர் அவர் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது புரிகிறது அல்லவா?

அதே கதையில் ஜேக்கப் தீவு என்ற ஓர் இடம் வருகிறது. தேம்ஸின் தென்கரையில், சாக்கடை வாய்க்கால்கள் சூழ்ந்த சேரி. வாய்க்காலின் மேல் இற்றுப்போன மரவீடுகள். அந்த வாய்க்கால் நீரையே மக்கள் மொண்டு குடித்தார்கள். 1849-ல் காலரா வந்தபோது அங்கே மக்கள் மாண்டார்கள்.

ஏழைகள் குடியிருக்கும் இடங்களைச் சுத்தம் செய்யவேண்டும் என்று 1850-ல் ஒரு கூட்டத்தில் டிக்கன்ஸ் பேசினார். ஜேக்கப் தீவைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது. லண்டன் மேயராக இருந்த சர் பீட்டர் லாரி என்ற பெரிய மனிதர் இதைக் கேட்டுச் சிரித்தார். ஜேக்கப் தீவு என்று ஓர் இடமே கிடையாது, அது டிக்கன்ஸின் கதையில் மட்டுமே உள்ளது என்று சொல்லிவிட்டார்!

அந்த மனிதர் அதே நகரத்தை ஆண்டவர். ஆனால் வண்டியில் போகிறவருக்குச் சந்து தெரியுமா? டிக்கன்ஸ் சும்மா விடவில்லை. ஆலிவர் ட்விஸ்ட் மலிவுப் பதிப்பின் முன்னுரையில் சர் பீட்டருக்குப் பதில் கொடுத்தார். கதையில் வந்ததால் ஓர் இடம் இல்லாமல் போய்விடும் என்றால், சர் பீட்டரைப் பற்றி எழுதிவிட்டால் அவரும் இல்லாதவர் ஆகிவிடுவாரா என்கிற விதமாகக் கேலி செய்தார். ஊரே சிரித்தது. பிற்காலத்தில் அந்த வாய்க்கால்கள் தூர்க்கப்பட்டன.

நடந்து பார்த்தவனுடைய சாட்சியத்தின் முன் நாற்காலியில் இருந்தவரின் பேச்சு எடுபடவில்லை.

நடையில் பிறந்த கதை

1843-ல் டிக்கன்ஸ் ஏழைக் குழந்தைகளுக்கான இலவசப் பள்ளி ஒன்றைப் பார்க்கப் போனார். கந்தல் உடை, வெறுங்கால், பசித்த முகம். அந்தக் காட்சி அவரை உலுக்கியது. அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து ஆறு வாரத்தில் ஒரு சிறு நாவல் எழுதினார். அதுதான் கிறிஸ்துமஸ் கீதம் என்ற கதை. எழுதும்போது அழுவார், சிரிப்பார். ஊர் உறங்கியபின் எழுந்து பதினைந்து, இருபது மைல் லண்டன் தெருக்களில் நடப்பார். நடந்துகொண்டே கதையை மனத்தில் கட்டுவார்.

கஞ்சனிடம் வேலை செய்யும் ஏழைக் குமாஸ்தா பாப், கிறிஸ்துமஸ் முதல் நாள் இரவு வேலை முடிந்து வீட்டுக்கு ஓடுகிறான். எங்கே? காம்டன் டவுனுக்கு! சிறுவன் சார்லஸ் தினம் களைத்து நடந்த அதே ஊருக்கு. தனக்குக் கிடைக்காத இன்பமான வீட்டை அந்தக் குமாஸ்தாவுக்குக் கொடுத்தார் டிக்கன்ஸ்.

1851-ல் லண்டனின் ஜனத்தொகை 23 லட்சத்துக்கு மேல். உலகிலேயே பெரிய நகரம் அது. அந்த ஆண்டு மார்ச் மாதம் தந்தை காலமானார். அந்த நாட்களில் டிக்கன்ஸுக்குத் தூக்கம் வரவில்லை. படுத்துப் புரள்வதை விட நடப்பது மேல் என்று இரவு முழுவதும் நடந்தார். அந்த இரவு நடையைப் பற்றி 1860-ல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

எந்த வழியாகப் போனார்? வாட்டர்லூ பாலம். அங்கே அரைப் பென்னி சுங்கம் கொடுக்கவேண்டும். சுங்கக்காரனிடம் ஒரு வார்த்தை பேசலாமே என்பதற்காகவே அரைப் பென்னி கொடுப்பார்! பிறகு இருண்ட நாடகக் கொட்டகைகள். நியூகேட் சிறை, அதன் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். பாங்கி. மீன் சந்தை. லண்டன் பாலத்தைக் கடந்து தென்கரை. அங்கே மனநோய் மருத்துவமனை. கனவு காணும்போது நாம் எல்லோரும் இவர்களைப் போலத்தானே இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம்.

ஓர் இரவு மணி மூன்று. புனித மார்ட்டின் தேவாலயப் படிகளின் அருகே அவர் காலடியில் ஓர் உருவம் திடீரென எழுந்தது. இருபது வயது இளைஞன். உடம்பில் கந்தல். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குக் காசு கொடுக்க நினைத்து, நிறுத்துவதற்காகத் தோளில் கை வைத்தார். அவன் பயந்து உடம்பை நெளித்தான். கந்தல் சட்டை டிக்கன்ஸ் கையில் இருந்தது, ஆளைக் காணோம்!

அந்தத் தேவாலயத்துக்குப் பின்னால்தான் ஒரு காலத்தில் புட்டிங் கடை இருந்தது. ஒரு சிறுவன் காசை எண்ணிக்கொண்டு நின்றது அங்கேதான். கடவுள் அருள் இல்லாவிட்டால் தானும் திருடனாகவோ பரதேசியாகவோ ஆகியிருக்கக்கூடும் என்று டிக்கன்ஸ் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். கையில் இருந்த கந்தலைப் பார்த்தபோது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

கால் வைக்காத தெரு

இத்தனை நடந்தவர் ஓர் இடத்துக்கு மட்டும் போகமாட்டார். அதுதான் ஹங்கர்ஃபோர்டு படித்துறை. பழைய படித்துறையும் பாலிஷ் கட்டிடமும் இடிக்கப்படும்வரை அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. ஸ்டிராண்டில் வேறொரு பாலிஷ் கடை இருந்தது. அதை நெருங்கும்போதே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். தக்கைகளில் பூசும் பசையின் வாசனை பட்டால் பழைய நாட்கள் நெஞ்சில் குத்தும். லான்ட் தெருவுக்குத் திரும்பிய பழைய வழியே போனால், தம் மூத்த பிள்ளை பேசத் தொடங்கிவிட்ட காலத்திலும், கண்ணீர் விட்டார்.

இந்த ரகசியத்தை வெளியே சொல்லவே இல்லை. 1847-ல் நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டார். ஸ்டிராண்ட் பக்கம் சிறுவயதில் வேலை பார்த்தீர்களாமே, ஒருவர் பார்த்ததாகச் சொன்னாரே என்றார். டிக்கன்ஸ் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் எழுதி நண்பரிடம் கொடுத்தார். அதே கதையை டேவிட் காப்பர்ஃபீல்டு நாவலில், 1849, 1850-ல், வேறு பெயர்களில் வைத்தார். படித்தவர்கள் அழுதார்கள். அது ஆசிரியரின் சொந்தக் கதை என்று அவர்களுக்குத் தெரியாது.

1855 முதல் 1857 வரை லிட்டில் டாரிட் நாவல் வந்தது. மார்ஷல்சி சிறையில் பிறந்து வளர்ந்த பெண்ணின் கதை. கதையை முடிக்கும் சமயத்தில், 1857 மே மாதத்தில், டிக்கன்ஸ் அந்தச் சிறை இருந்த இடத்துக்குத் தாமே நடந்து போனார். சிறை 1842-லேயே மூடப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்த சுவர்களுக்கு நடுவே நின்று பார்த்தார். தந்தை இருந்த இடம் அது. முப்பத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு அஞ்சாமல் அந்த மண்ணை மிதித்தார்.

கடைசி நடை

குன்றின் மேல் பார்த்த கேட்ஸ் ஹில் மாளிகை நினைவிருக்கிறதா? 1856-ல் அதை விலைக்கு வாங்கினார்! தந்தை சொன்னது பலித்தது. 1857 அக்டோபரில் ஓர் இரவு, மனம் அமைதி இல்லாமல், லண்டன் வீட்டிலிருந்து புறப்பட்டு சுமார் முப்பது மைல் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனைவியை 1858-ல் பிரிந்தார். அது அந்த அம்மையாருக்குப் பெரும் துயரம். ஊருக்கெல்லாம் இரங்கியவர் வீட்டில் இரங்கவில்லையே என்று சொன்னவர்கள் உண்டு.

1865-ல் ஒரு ரயில் விபத்தில் தப்பினார். அதே ஆண்டு இடது கால் வீங்கி வலிக்கத் தொடங்கியது. நடப்பதையே மூச்சாகக் கொண்டவர் நொண்ட வேண்டியதாயிற்று. அப்படியும் நடையை விடவில்லை.

1869 கிறிஸ்துமஸ். அதுதான் அவர் கண்ட கடைசிக் கிறிஸ்துமஸ். குடும்பத்தோடு ஞாபக விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் ஒரு பெயர் சொல்ல, அடுத்தவர் அதையும் சொல்லித் தம் பங்குக்கு ஒன்று சேர்க்கவேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தது. ஸ்டிராண்டில் இருந்த பாலிஷ் கடையின் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னார். குரலிலும் கண்ணிலும் ஏதோ ஒரு மாறுதல். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டம் தொடர்ந்தது.

1870 ஜூன் 9-ந் தேதி, 58-வது வயதில், கேட்ஸ் ஹில் மாளிகையில் டிக்கன்ஸ் காலமானார். ஆடம்பரம் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். 14-ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரு சிலரே சூழ அடக்கம் நடந்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். சவக்குழி சில நாள் திறந்தே வைக்கப்பட்டது. மக்கள் பூக்களைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு ஃபார்ஸ்டர் வாழ்க்கை வரலாறு எழுதினார். அதன் முதல் பாகம் ரகசியத்தைச் சொன்னது. அப்போதுதான் பிள்ளைகளுக்கு அந்தக் கிறிஸ்துமஸ் விளையாட்டின் பொருள் விளங்கியது!

இன்றும் நடக்கலாம்

ஹங்கர்ஃபோர்டு சந்தை இருந்த இடத்தில் 1864 முதல் சேரிங் கிராஸ் ரயில் நிலையம் இருக்கிறது. மார்ஷல்சி சிறையின் நீண்ட மதில் ஒன்று மட்டும் தென்கரையில் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் ஒரு சிறு சந்து. அதன் அருகே புனித ஜார்ஜ் தேவாலயம். அங்கே ஒரு கண்ணாடி ஜன்னலில் லிட்டில் டாரிட்டின் சிறிய உருவம் உண்டு. சற்றுத் தள்ளி லான்ட் தெரு. அதில் ஒரு தொடக்கப் பள்ளி. பள்ளியின் பெயர் என்ன தெரியுமா? சார்லஸ் டிக்கன்ஸ் பள்ளி! பள்ளிக்கு அனுப்பப்படாத சிறுவன் குடியிருந்த தெருவில், இன்று அவன் பெயரால் குழந்தைகள் படிக்கிறார்கள்.

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் சதர்க் பாலம். பழைய பாலம் போய் 1921-ல் புதிய பாலம் வந்துவிட்டது. சிறுவன் தட்டிய கதவு எது என்று இன்று யாரும் காட்டமுடியாது. ஆனால் அவன் நடந்த வழி இருக்கிறது.

பெரிய ஊருக்கு இரண்டு முகம். ஒன்று அகன்ற வீதிகளில் தெரிவது. மற்றொன்று சந்துகளில் இருப்பது. அந்த இரண்டாவது முகத்தை உலகுக்குக் காட்டியவர் டிக்கன்ஸ். அவர் அதை அறிந்தது பணத்தால் அல்ல, படிப்பால் அல்ல. பசியோடு நடந்த கால்களால்!